சும்மா இருக்க ஓர் ஒத்திகை

சிங்தாவ் கடற்கரைக்குப் போனபோது எடுத்த நூற்றுப் பன்னிரண்டு படங்களில் நூற்று நான்கில் யாச்சின் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீதி எட்டில் அவளே இல்லை. அப்போது அவள் கழிப்பறை வரிசையில் நின்றிருந்தாள். அதற்காக அவள் கணவர் லாவ் தொங் தன் பயணத் திட்டத்தில் ஒதுக்கியிருந்தது நான்கு நிமிடம்.

இது நடந்து ஆறு வருடம் ஓடிவிட்டது. ஆனாலும் டிசம்பர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், சீனாவின் வடகிழக்கில், மூதான்ஜியாங் நகரத்து ரயில்வே குடியிருப்பின் ஏழாவது மாடியில் உட்கார்ந்து, அந்தப் படங்களை அவள் அவருக்குக் கைப்பேசியில் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். சன்னலுக்கு வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபத்து நான்கு டிகிரி. கண்ணாடியின் ஓரமெல்லாம் பனி பூத்திருந்தது.

"பாரு. இதுல கடல் இருக்கு, நான் கடியாரத்தப் பாக்குறேன். இதுல கோயில் இருக்கு, நான் கடியாரத்தப் பாக்குறேன். இதுல தட்டு நெறைய நண்டு இருக்கு, அப்பவும் கடியாரந்தான்."

"நண்டு ஒம்பது நிமிஷம் லேட்டா வந்துச்சு," என்றார் லாவ் தொங். "அத பீர் ஃபேக்டரில சரிக்கட்டிட்டேனே."

"ஆமா. ஃபேக்டரிய வாசல்ல நின்னு பாத்துட்டு ஓடி வந்தோம்."

யாச்சின் நூற்பாலையில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்த்து ஓய்வு பெற்றவள். முப்பது வருடம் சங்கு ஊதினால் எழுந்து, சங்கு ஊதினால் சாப்பிட்டவள். இந்தக் குளிர்காலத்தில் நாட்டின் தெற்குக் கோடித் தீவில் இருக்கும் சான்யாவுக்குப் போய் இரண்டு மாதம் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார வேண்டும் என்பது அவள் ஆசை. அது ஒன்றும் அதிசயமான ஆசை இல்லை. பனி இறுகியதும் வடகிழக்கு ஆட்கள் பாதிப் பேர் சான்யாவில் போய் இறங்கிவிடுவார்கள். அங்கே தெருவில் நடந்தால் காதில் விழுவது நம் ஊர்ப் பேச்சு, கடையில் தொங்குவது நம் ஊர்த் தொத்திறைச்சி. வெயில் மட்டும்தான் உள்ளூர்ச் சரக்கு.

அவளோடு சதுக்கத்தில் ஆடும் நடனக் குழுவும் ஜனவரி முதல் தேதி கிளம்புகிறது. குழுத் தலைவி ஹாவ் அக்கா, கீழே ஆறாவது மாடிக்காரர், கடற்கரைக்குப் பக்கத்தில் வீடு பிடித்திருந்தார். பன்னிரண்டு படுக்கை. பதினொன்று நிரம்பிவிட்டது. பன்னிரண்டாவதை யாச்சினுக்காக நிறுத்தி வைத்திருந்தார், ஞாயிற்றுக்கிழமை மதியம் வரைக்கும்.

"அங்க பொம்பளைங்க மட்டுந்தான். உனக்கு எடமில்ல," என்றாள் யாச்சின். "அவங்களோட போனா ரெண்டு மாசம் நீ இங்க, நான் அங்க. இல்லன்னா நாம ரெண்டு பேரும் தனியாப் போகலாம். ஆனா ஒண்ணு. அங்க நான் ஒரு தடவகூட கடியாரத்தப் பாக்கக் கூடாது. அப்படி ஒரு திட்டத்த ஞாயித்துக்கெழம மத்தியானத்துக்குள்ள எனக்குக் காட்டு. காட்டிட்டா உன்னோட வர்றேன்."

லாவ் தொங் தலையை ஆட்டினார். வெளியே சாதாரணமாக ஆட்டிய தலைக்குள் ஒரு கணக்கு ஓடியது. ஜனவரி, பிப்ரவரி. நடுவில் சீனப் புத்தாண்டு வருகிறது. புத்தாண்டுக் கொழுக்கட்டையைத் தனியாளாகப் பிடித்து, தனியாளாக வேகவைத்து, எதிரே காலி நாற்காலியை வைத்துக்கொண்டு தின்ன வேண்டும். யாச்சின் மாவைத் தேய்க்க, இவர் பூரணத்தை வைத்து மடிக்க, முப்பத்தைந்து புத்தாண்டு அப்படித்தான் போயிருக்கிறது. மாவைத் தேய்க்க இவருக்கு வராது.

அவருடைய சங்கடம் புரிய வேண்டுமென்றால் அவர் பார்த்த வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லாவ் தொங் முப்பத்து நான்கு வருடம் ரயில்வேயில் வண்டி ஓட்ட வரைபடம் போட்டவர். ஒரு பெரிய தாள். அதில் குறுக்குக் கோடுகள் ஒவ்வொன்றும் ஒரு நிலையம். நெடுக்குக் கோடுகள் நேரம். ஒவ்வொரு ரயிலும் இடமிருந்து வலமாகச் சாய்ந்து போகும் ஒரு கோடு. வேகமான வண்டி செங்குத்தாக ஏறும், சரக்கு வண்டி சோம்பலாகப் படுத்துக்கொண்டு போகும். எதிரெதிரே வரும் இரண்டு கோடுகள் ஒரு நிலையத்தில் வெட்டிக்கொண்டால் நல்லது, ஒன்று ஒதுங்கி வழிவிடும். ஒற்றைத் தண்டவாளத்தில் இரண்டு நிலையங்களுக்கு நடுவே வெட்டிக்கொண்டால் மறுநாள் செய்தித்தாளில் வரும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் ஒரு நாளைக்கு இருநூறு கோடுகளை ஒன்றோடொன்று மோதாமல் ஒரே தாளில் போடுகிறவனுக்கு உலகத்தில் எதைப் பார்த்தாலும் சாய்ந்த கோடாகத்தான் தெரியும். மனைவி முட்டை வாங்கப் போவதும் ஒரு கோடு. அவள் பக்கத்து வீட்டுக்காரியோடு நின்று பேசுவது, கோட்டில் விழும் தாமதம்.

வெள்ளிக்கிழமை காலையில் முதல் திட்டம் மேசைக்கு வந்தது. யாச்சின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள்.

"மூணாம் நாள். ஒம்பது மணியிலேருந்து ஒம்பது நாப்பது வர ஓய்வு. ஒம்பது நாப்பதுலேருந்து ஒம்பது அம்பது வர அடுத்த ஓய்வுக்கு நடந்து போறது. ஒம்பது அம்பதுலேருந்து பத்தரை வர ஓய்வு, தென்னை நெழல்." அவள் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள். "முதல் ஓய்வுல என்ன கொற? எதுக்கு எழுந்திரிச்சுப் போறோம்?"

"நெழல் நகந்துடும்ல. ஒம்பது நாப்பதுக்கு உன் வலது முட்டியில வெயில் படும்."

"பட்டா?"

வெயில் பட்டால் என்ன என்று அவர் யோசித்ததே இல்லை. பேச்சை மாற்றுவதற்காகத் தாளைத் திருப்பினார். பின்பக்கத்தில் அவருக்கு மிகவும் பிடித்த பகுதி இருந்தது. உடை கழற்றும் அட்டவணை.

"இங்க கொறைச்சல் இருபத்து நாலு, அங்க கூடுதல் இருபத்தேழு. மொத்தம் அம்பத்தோரு டிகிரி வித்தியாசம். நாம போட்டிருக்கறது அஞ்சு அடுக்கு. ஆக ஒரு அடுக்குக்குப் பத்து டிகிரி. பெரிய கோட்ட விமான நெலையத்துலயே குடுத்து வச்சிடலாம், வாங்கி வச்சுக்க ஆளிருக்கு. கம்பளிச் சட்டை, ஏறி உக்காந்ததும். பஞ்சுக் காச்சட்டை, பெய்ஜிங் தாண்டினதும். உள்ள போட்ட நீளக் காச்சட்டை, விமானம் யாங்சி நதியத் தாண்டும்போது."

"நடுவானத்துல நதி தாண்டுறது எனக்கு எப்படிடா தெரியும் கிழவா?"

"அது சுலபம். கடியாரத்தப் பாத்தா..."

லாவ் தொங் நிறுத்திக்கொண்டார். யாச்சின் தாளை நான்காக மடித்து, சூடாயிருந்த கஞ்சிப் பாத்திரத்துக்கு அடியில் வைத்தாள்.

அன்று மாலை அவர் லாவ் பாய்க்குப் போன் போட்டார். லாவ் பாய் தண்டவாளம் பழுதுபார்க்கும் கும்பலுக்குத் தலைவராக இருந்தவர். வருடத்துக்கு ஒரு முறை வரைபட அறைக்கு வந்து, பழுதுபார்க்க நேரம் விடவில்லை என்று லாவ் தொங்கைத் திட்டிவிட்டுப் போவது அவர் வழக்கம். அந்தத் திட்டிலேயே இருவரும் நண்பர்கள் ஆனார்கள்.

"நீ போட்ட படத்துலயே உருப்படியான எடம் ஒண்ணுதான்யா," என்றார் லாவ் பாய். "வானச் சன்னல்."

வரைபடத்தில் ஒவ்வொரு நாளும் ஒரு வெள்ளைப் பட்டை உண்டு. அந்த நேரத்தில் எந்த ரயிலும் கிடையாது, எந்தக் கோடும் போகாது. தண்டவாளத்தில் ஆட்கள் இறங்கி வேலை பார்ப்பதற்காக விட்ட வெற்றிடம் அது. கோடுகள் அடைத்துக் கிடக்கும் தாளில் அது மட்டும் கூரையில் திறந்த சன்னல் மாதிரி வெளிச்சமாக இருப்பதால் ரயில்வேக்காரர்கள் அதற்கு அந்தப் பேர் வைத்தார்கள்.

"உன் பொண்டாட்டி கேக்கறது அதத்தான். ரெண்டு மாசமும் சன்னலா விடு. ஒரு கோடு போடாத. கையக் கட்டிக்கிட்டு வெறுந்தாளக் குடு."

லாவ் தொங்குக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இவ்வளவு எளிமையாகவா. சனிக்கிழமை காலை யாச்சினுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார். மேலே சான்யா என்று மட்டும் எழுதியிருந்தது.

அவள் முகம் கொஞ்சம் இளகியதை அவர் பார்த்தார். பிறகு அவள் தாளைத் தூக்கி, சன்னல் பக்கம் நீட்டி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ரப்பரால் அழித்த பென்சில் தடமெல்லாம் பளபளவென்று தெரிந்தது.

"ஏழு பத்து, எழுந்திருத்தல்," என்று படித்தாள். "பக்கத்துல அடைப்புக்குறியில ஏதோ இருக்கே. தானாகவா?"

"அது ஒரு உத்தேசம்."

"பின்னாடி என்ன எழுதிருக்க?"

பின்னால் இருந்தது லாவ் தொங்கின் பலவீனம். ரயில்வேயில் கோடு போகும் நேரத்தைவிடக் கோடு போகாத நேரத்துக்குத்தான் விதிமுறை அதிகம். வெள்ளைப் பட்டை தொடங்கும்போது பதிவேட்டில் எழுத வேண்டும், இரண்டு முனையிலும் காவலுக்கு ஆள் நிற்க வேண்டும், முடிந்ததும் எல்லாரும் வெளியே வந்தார்களா என்று தலை எண்ண வேண்டும். இல்லாவிட்டால் தண்டவாளத்தில் ஆள் இருக்கும்போதே வண்டி வந்துவிடும். இந்த நல்ல வழக்கத்தை அவர் கடற்கரைக்கும் கொண்டுபோயிருந்தார்.

"வெற்று நேரம் தொடங்குமுன் இருவரும் கையெழுத்திட வேண்டும்," என்று யாச்சின் படித்தாள். "சும்மா இருக்கறதுக்குக் கையெழுத்தா?"

"ஒரு பதிவுக்கு."

"நாளைக்கு மத்தியானம் ஹாவ் அக்காவுக்கு வார்த்த சொல்லணும்," என்று சொல்லிவிட்டு அவள் பெட்டியை இறக்கி, நடனச் சீருடையை மடித்து வைக்க ஆரம்பித்தாள்.

லாவ் தொங் அன்று சாப்பிட்டது என்னவென்று அவருக்கே தெரியாது. கையில் ஒரே ஒரு காலைப்பொழுது மிச்சம். புதிய வரைபடம் அமலுக்கு வருமுன் ரயில்வேயில் ஒரு காரியம் செய்வார்கள். பயணிகள் இல்லாமல் காலி வண்டியை அதே நேரப்படி ஓட்டிப் பார்ப்பார்கள். தாளில் தெரியாத கோளாறெல்லாம் அதில் தெரிந்துவிடும். தாளைக் காட்டி இவளை மசிய வைக்க முடியாது, ஓட்டியே காட்ட வேண்டியதுதான் என்று அவர் முடிவு செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் யாச்சின் அறையை விட்டு வெளியே வந்தபோது கூடத்தில் கடல் இருந்தது. அதாவது நீலப் படுக்கை விரிப்பு. அதன் கரையில் லாவ் தொங் ஆற்றில் மீன் பிடிக்கக் கொண்டுபோகும் மடக்கு நாற்காலி. முன்னால் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர். கடலில் ஒரு லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு, இவரும் தராசில் நிறுத்துத்தான் போட்டிருந்தார். அங்காடியில் கேட்டு வாங்கிய ஓர் இளநீர், குழல் போட்டுத் தயாராக. சுவர்க் கடிகாரம் சுவரைப் பார்த்துத் திருப்பி மாட்டப்பட்டிருந்தது. லாவ் தொங் தென்னைமரம் அச்சடித்த அரைக்கைச் சட்டையிலும் அதே தென்னைமரம் போட்ட அரைக்கால் சட்டையிலும் நின்றார். சான்யாவில் எல்லாரும் குடும்பத்தோடு போட்டுக்கொள்ளும் சோடி உடை. அவளுக்கும் ஒன்று நாற்காலி மேல் மடித்துக் கிடந்தது.

யாச்சின் எல்லாவற்றையும் பார்த்தாள். "பைத்தியம் முத்திடுச்சு," என்று சொல்லிக்கொண்டே உடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போட்டுக்கொண்டும் வந்தாள்.

"மத்தியானம் வர இப்படியே இருப்போம்," என்றார் லாவ் தொங். "திட்டம் கிடையாது. கடியாரம் கிடையாது. உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். காலைத் தண்ணீரில் விட்டாள். ஒரு நிமிடம் கழித்துத் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"கொஞ்சம் குளுருது."

கூடத்தில் இருபத்து மூன்று டிகிரி. வழக்கமாக அது போதும். ஆனால் தென்னைமரச் சட்டைக்கு அது போதாது, சான்யாவில் இருபத்தேழு. லாவ் தொங்கின் கண் சன்னலுக்குக் கீழே, சுடுநீர் ஓடி அறையைச் சூடாக்கும் இரும்பு வெப்பப் பட்டையில் போய் நின்றது. தொட்டுப் பார்த்தார். அடிப்பாதி சுட்டது, மேல்பாதி சில்லென்று இருந்தது.

ஏன் அப்படி என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கொதிகலன் நிலையத்திலிருந்து வரும் சுடுநீர் கட்டடத்தின் அடியில் நுழைந்து, குழாய் வழியாக மாடி மாடியாக ஏறுகிறது. நீரோடு வரும் காற்று நீரைவிட லேசு, அது மேலே மேலே போய் உச்சி மாடியில், அதாவது இவர்கள் வீட்டில், மாட்டிக்கொள்கிறது. காற்று அடைத்த இடத்தில் நீர் நுழைய முடியாது, அதனால் சூடும் வராது. இதற்கு வைத்தியம் மிக எளிது. பட்டையின் மேல் மூலையில் சின்னதாக ஒரு திருகாணி இருக்கும். அரைச் சுற்று தளர்த்தினால் உஸ் என்று காற்று போகும். காற்று தீர்ந்து தண்ணீர் துளிர்த்ததும் மூடிவிட வேண்டும்.

"ரெண்டே நிமிஷம்," என்று குறடு ஒன்றை எடுத்தார்.

"என்ன சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல."

திருகாணி இருபது வருடச் சுண்ணாம்பிலும் பெயின்டிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. லாவ் தொங் முக்கினார், அது அசையவில்லை. இன்னும் முக்கினார். அது அரைச் சுற்றுச் சுற்றாமல், மரையெல்லாம் மழுங்கி, திரும்பப் பொருந்தாதபடி முழுதாகக் கையோடு வந்துவிட்டது.

முதலில் உஸ் என்று காற்று. பிறகு கட்டை விரல் கனத்துக்குக் கருப்புத் தண்ணீர். குழாய்க்குள் பல வருடமாக ஊறிய துருவெல்லாம் சேர்ந்த சுடுநீர், நேராக நீலக் கடலில் விழுந்து அதை மையாக்கியது. லாவ் தொங் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி ஓட்டையில் வைத்து, மேலே கட்டை விரலை அழுத்தினார். பீய்ச்சல் நின்றது. விரலை எடுத்தார், பீய்ச்சியது. மறுபடி அழுத்தினார்.

ஓட்டையை அடைக்க யாச்சின் ஒரு காரட்டைச் சீவிக் கொடுத்தாள். அது வழுக்கி விழுந்தது. சாப்பிடும் குச்சியில் துணி சுற்றிக் கொடுத்தாள். அது பறந்துபோய் இளநீரில் பட்டுத் தெறித்தது. குழாயை மூடும் வால்வு தரைத்தளத்துப் பெட்டிக்குள் இருக்கிறது, பெட்டிச் சாவி வெப்ப அலுவலகத்தில் இருக்கிறது. அவள் போன் செய்தாள். ஆள் வரும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் ஆகும், அதுவரை விரலை எடுக்க வேண்டாம் என்றார்கள்.

"கொஞ்சம்னா எவ்வளவு?" என்றார் லாவ் தொங். "மணி என்ன?"

"தெரியலயே. நீதான கடியாரத்தத் திருப்பி வச்ச."

அவள் தரையைத் துடைத்தாள், கருப்பு விரிப்பைச் சுருட்டிக் குளியலறையில் போட்டாள். அதற்கப்புறம் செய்ய ஒன்றும் இல்லை. விரல்மேல் விரல் வைக்க இரண்டு பேருக்கு அங்கே இடமும் இல்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, காலைத் தொட்டியில் விட்டு, இளநீரை எடுத்துக்கொண்டாள். காற்று போனதில் வெப்பப் பட்டை முழுதும் சூடேறியிருந்தது. கூடம் மெதுவாக சான்யாவாகிக்கொண்டிருந்தது.

கதவை யாரோ உள்ளங்கையால் அறைந்தார்கள். ஹாவ் அக்கா. தலையில் குளியல் தொப்பி, கையில் பாதி நிறைந்த வாளி.

"என் கூரையிலேருந்து மை ஊத்துது," என்று ஆரம்பித்தவர், உள்ளே பார்த்ததும் நின்றுவிட்டார். சன்னலோரம் தென்னைமரச் சட்டையில் சுவரைப் பிடித்தபடி ஒரு கிழவர். நாற்காலியில் அதே தென்னைமரத்தில் இளநீர் உறிஞ்சும் யாச்சின். "அடியே, எனக்கு முன்னாடியே சான்யா போய்ச் சேந்துட்டியா?"

"வாங்க அக்கா. உக்காருங்க. தண்ணி நின்னுடுச்சு, இவர் நிறுத்தி வச்சிருக்காரு."

ஹாவ் அக்கா வாளித் தண்ணீரைக் குளியலறையில் கொட்டிவிட்டு வந்து, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார். கூடத்துச் சூட்டுக்கு இரண்டு கம்பளிச் சட்டையைக் கழற்றினார். சூரியகாந்தி விதைத் தட்டு வந்தது. மூன்று விதை உடைத்ததும் வந்த காரியம் ஞாபகம் வந்தது.

"சரி, பதில் சொல்லு. பன்னண்டாவது படுக்கைக்கு மூணு பேரு க்யூல நிக்கறாங்க."

லாவ் தொங்கின் கட்டை விரல் சற்று நழுவியது. ஓரத்தில் ஒரு கருப்புச் சொட்டு உருண்டது.

"அங்க என்னென்ன செய்வோம் அக்கா?" என்று கேட்டாள் யாச்சின்.

ஹாவ் அக்காவின் முகம் மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். "காலைல அஞ்சரைக்கு விசில். அரை மணில எல்லாரும் குளிச்சு ரெடி. ஆறுலேருந்து ஏழு வரைக்கும் கடற்கரையில ஆட்டம். மத்த ஊர்க் குழு வர்றதுக்குள்ள நல்ல எடத்தப் புடிக்கணும்ல. ஏழு மணிக்கு முறை வச்சு ரெண்டு பேரு சந்தைக்கு. ஏழே காலுக்குக் கஞ்சி. எட்டுக்கு மறுபடி ஆட்டம்..."

யாச்சினின் வாயிலிருந்து குழல் நழுவியது. விசில் என்ற சொல்லில் அவள் கால்விரல்கள் தண்ணீருக்குள் மடங்கிக்கொண்டன.

"மோதிக்கும்," என்றது சன்னலோரக் குரல்.

"என்ன தம்பி?"

"ஏழு மணிக்குச் சந்தைக்குப் போனவங்க எப்படி ஏழே காலுக்குக் கஞ்சிக்கு வருவாங்க? அப்புறம், குளியலறை எத்தன?"

"ரெண்டு."

"ஒத்தத் தண்டவாளம் ரெண்டு," என்றார் லாவ் தொங். அவர் குரலில் மூன்று நாளாக இல்லாத தெம்பு. "ஒரு நேரத்துக்கு ஒரு வண்டிதான் போகும். அரை மணி நேரம். ஆளுக்கு அஞ்சு நிமிஷம், ஒருத்தி வெளிய வந்து அடுத்தவ உள்ள போக ஒரு நிமிஷம். ஒரு அறைக்கு அஞ்சு பேரு, ரெண்டுக்கும் சேத்துப் பத்து. ரெண்டு பேரு சோப்போட வெளிய நிப்பாங்க."

ஹாவ் அக்கா விரலை விட்டு எண்ணினார். "அய்யோ, ஆமா."

"சந்தைக்குப் போறது எத்தன பேரு? ரெண்டு. அவங்கள அஞ்சரைக்கே அனுப்பிடுங்க, குளிக்காம. ஆறரைக்குத் திரும்பி வருவாங்க. அப்ப நீங்கல்லாம் ஆடிக்கிட்டிருப்பீங்க, ரெண்டு அறையும் காலி. குளிச்சுட்டு அவங்களே கஞ்சியும் வச்சுடலாம். ஏழே காலுக்குப் பன்னண்டு கிண்ணம் ரெடி."

கை கட்டப்பட்ட மனிதர் வாயாலேயே வரைபடம் போட்டார். மதியத் தூக்கத்தை எப்போது வைப்பது, துணி காயப்போடும் கொடியை யார் எந்த நேரம் பிடிப்பது, ஒலிபெருக்கிக்கு மின்னேற்றம் எப்போது. ஹாவ் அக்கா சீட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டே போனார். யாச்சின் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். ஆறரை, ஏழே கால், எட்டு என்று கணவரின் குரல் போய்க்கொண்டிருந்தது. அத்தனை நேரங்களில் ஒன்றுகூட அவளுக்கானது இல்லை. யாரோ பன்னிரண்டு பேர் எழுந்து ஓடுகிறார்கள். இவள் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. தொட்டித் தண்ணீர் குலுங்கும்படி சிரித்தாள்.

ஹாவ் அக்கா எழுதி முடித்து நிமிர்ந்தார். "யாச்சின், கோவிச்சுக்காத. பன்னண்டாவது படுக்கைய இவருக்குக் குடுத்துடலாமா? நாங்க நடுவுல ஒரு திரை கட்டிக்கறோம்."

"அதெல்லாம் நடக்காது," என்றாள் யாச்சின், கண்ணைத் திறக்காமலே. "இவர் என்னோட வர்றாரு. உங்க வீட்டுக்குப் பக்கத்துலயே சின்னதா ஒண்ணு எங்களுக்குப் பாத்துக் குடுங்க. காலைல அஞ்சரைலேருந்து பதினொண்ணு வரைக்கும் இவர உங்களுக்குத் தர்றேன். விசில் ஊதட்டும், பதிவேடு போடட்டும், தலை எண்ணட்டும். நான் அதுவர கடலப் பாத்துக்கிட்டிருப்பேன்."

"பதினொண்ணுக்கு மேல?" என்றார் லாவ் தொங்.

"பதினொண்ணுக்கு மேல களைச்சுப் போய் வருவ. வந்து பக்கத்துல உக்காரு. பேசாம."

லாவ் தொங் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, தேவைக்கு மேலேயே பலமாக விரலை அழுத்தினார்.

வெப்ப அலுவலகத்து ஆள் வந்தபோது மூவரும் ஆவி பறக்கும் கூடத்தில் உட்கார்ந்து விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள். லாவ் தொங்குக்கு ஹாவ் அக்கா ஒவ்வொன்றாக வாயில் போட்டார். அந்த ஆள் தென்னைமரங்களைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார். கீழே போய் வால்வை மூடினார், மேலே வந்து புதுத் திருகாணி போட்டார். "குறடெல்லாம் இனிமே ஒளிச்சு வைங்கம்மா," என்று யாச்சினிடம் சொல்லிவிட்டுப் போனார். ஹாவ் அக்காவும் வாளியோடும் சீட்டோடும் இறங்கிப் போனார். கூரைக்குச் சுண்ணாம்பு அடித்துத் தருவதாக லாவ் தொங் மாடிப்படி வரை வந்து ஒப்புக்கொண்டார்.

அவருடைய கட்டை விரல் ஊறி, வெளுத்து, வேகவைத்த நிலக்கடலை மாதிரி இருந்தது. அதை ஊதிக்கொண்டே வந்து தரையில், நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரயில்லயே போகலாமா?" என்றார். "விமானம்னா சட்டுன்னு போயிடும். ரயில்ல மூணு ராத்திரி ஆகும். ஒரு வேலையும் கெடையாது, படுத்துக்கிட்டே போகலாம். கடைசில கடல் வரும். கடல்ல பாலம் இல்ல. ரயிலையே கப்பல்ல ஏத்திடுவாங்க."

"பொய்."

"நெசமா. கப்பலோட வயித்துல தண்டவாளம் இருக்கு. முழு ரயில் கொள்ளாது, அதனால பெட்டிங்கள நாலஞ்சு துண்டாக் கழட்டுவாங்க. இஞ்சின் பின்னாலேருந்து ஒவ்வொரு துண்டா உள்ள தள்ளும். ஒரே பக்கமாத் தள்ளினா கப்பல் சாஞ்சுடும். அதனால எடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம். அப்புறம் சக்கரத்தையெல்லாம் சங்கிலி போட்டுக் கட்டுவாங்க. நாம உள்ளயே உக்காந்திருக்கலாம். எறங்க வேண்டாம், கோட்டக்கூடக் கழட்ட வேண்டாம்..."

அவர் நிமிர்ந்து பார்த்தார். யாச்சின் தூங்கியிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது, கால் இன்னும் தொட்டியில் இருந்தது. தண்ணீர் ஆறியிருக்கும். கெட்டிலில் சுடுநீர் இருக்கிறது, கொஞ்சம் கலக்கலாம் என்று நினைத்து எழப் பார்த்தார். எழுந்தால் தரைப் பலகை கிரீச்சிடும். அப்படியே உட்கார்ந்துகொண்டார். சங்கிலியை எத்தனை சுற்றுச் சுற்றுவார்கள் என்பதை மட்டும், அவளுக்குக் கேட்காத குரலில், சொல்லி முடித்தார்.